பெற்றோரின் இதயம் தளரும்போது



ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தவக்காலம். பக்கத்துப் பங்கில் ஒப்புரவு அருளடையாளம் வழங்கிவிட்டுத் திரும்பும் வழியில், அம்மாவைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்கு அப்போது 76 வயது. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முதுகுக்குப் பின்னால் மூன்று தலையணைகள். "படுத்தா மூச்சு முட்டுது சாமி. இப்பல்லாம் உக்காந்துதான் தூங்குறேன்" என்றார். கணுக்கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. "வயசாகுதுல்லம்மா" என்று சொன்னேன். மூட்டுவலி தாங்கவில்லை என்றார். வழக்கமாக வாங்கும் வலி மாத்திரையில் ஓர் அட்டையை மருந்துக் கடையில் வாங்கிக் கொடுத்து, சிலுவை அடையாளம் வரைந்து ஆசீர்வதித்துவிட்டு வந்துவிட்டேன். புதனும் வெள்ளியும் அம்மா ஒருசந்தி இருந்ததும், வெறும் வயிறு என்பதால் அந்த நாள்களில் காலை மாத்திரைகளை விட்டுவிட்டதும் எனக்குத் தெரியாது.

ஒன்பதாம் நாள் இரவு இரண்டு மணிக்குத் தம்பி போன் செய்தான். 108 ஆம்புலன்ஸில் அம்மாவைக் கொண்டு போகிறார்கள், மூச்சு விட முடியவில்லை என்றான். மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர், "என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்று கேட்டார். தம்பி மனைவி மஞ்சள் பையை மேசைமேல் கொட்டினார். மருத்துவர் அதிலிருந்து அந்த வலி மாத்திரை அட்டையை எடுத்து, "இதை யார் வாங்கிக் கொடுத்தது?" என்றார். அங்கியோடு நின்றிருந்த நான்தான், "நான்தான் டாக்டர்" என்றேன்.

ஆண்டவர் இரங்கினார். அம்மா பிழைத்தார். இன்றும் நம்மோடு இருக்கிறார். நான் இறையியல் படித்தவன். மருத்துவம் படித்தவன் அல்ல. ஆனாலும் மருத்துவர்களிடமும், அம்மாவின் கட்டிலருகிலும், பங்கில் இதே நோயோடு வாழும் குடும்பங்களிலும் இந்த ஆறு ஆண்டுகளில் கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர விரும்புகிறேன். உங்கள் வீட்டு நோயாளிக்கு உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவு. இதை அவரிடம் கேள்வி கேட்பதற்கான உதவியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நின்றுபோவது அல்ல, தளர்வது

'ஹார்ட் ஃபெயிலியர்' என்று கேட்டதும், இதயம் நின்றுவிட்டது, எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தைத் தள்ளும் ஆற்றல் இதயத்துக்குக் குறைந்துவிட்டது என்பதே பொருள். இதயத் தளர்ச்சி என்று சொன்னால் சரியாக இருக்கும். தளர்ந்த இதயத்தால் முன்னே தள்ள முடியாத இரத்தம் பின்னே தேங்குகிறது. சிறுநீரகமும் உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த நீர் நுரையீரலில் கோத்தால் மூச்சுத் திணறல். காலில் இறங்கினால் வீக்கம். வயிற்றில் சேர்ந்தால் உப்புசமும் பசியின்மையும்.

மாரடைப்பு, நீண்ட நாள் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், வால்வுப் பழுது, மதுப் பழக்கம் ஆகியவை இதற்கு முக்கியக் காரணங்கள். இது முதியவர்களுக்கு மட்டும் வரும் நோயும் அல்ல. 2013-இல் திருவனந்தபுரம் மாவட்ட மருத்துவமனைகளில் இந்நோய்க்காகச் சேர்க்கப்பட்ட 1,205 பேரைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். அவர்களுடைய சராசரி வயது 61. பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிச்செல்லும் வயது அது.

எக்கோ பரிசோதனை அறிக்கையில் 'இ.எஃப்.' என்று ஓர் எண் இருக்கும். அம்மாவுக்கு 35 என்று எழுதியிருந்தது. "நூற்றுக்கு 35தானா? மிச்சம் 65 போய்விட்டதா?" என்று தங்கை அழுதாள். இது பரீட்சை மதிப்பெண் அல்ல. நலமான இதயமும் ஒரு துடிப்பில் தன்னிடமுள்ள இரத்தம் முழுவதையும் வெளியே தள்ளுவதில்லை. சுமார் 55 முதல் 70 விழுக்காடுதான் தள்ளும். 40-ம் அதற்குக் கீழும் குறைவு எனக் கருதப்படும். சரியான மருந்தால் பலருக்கு இந்த எண் உயர்வதும் உண்டு. வேறு சிலருக்கு எண் 50-க்கு மேல் இருந்தும் இதயத் தசை விறைத்துப்போனதால் இதே நோய் இருக்கும். ஆகவே அந்த எண்ணை மட்டும் பார்த்து நம்பிக்கை இழக்கவும் வேண்டாம். அலட்சியமாக இருக்கவும் வேண்டாம்.

ஓய்வுநாளில் வந்த நோயாளி

லூக்கா நற்செய்தி 14-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில், ஓய்வுநாள் ஒன்றில் இயேசு பரிசேயர் தலைவர் ஒருவரின் வீட்டுக்கு உணவருந்தச் செல்கிறார். அங்கே அவர்முன் நீர்க்கோவை நோயுள்ள ஒருவர் இருந்தார். நீர்க்கோவை என்பது உடலில் நீர் சேர்ந்து வீங்குவது. அதற்குக் காரணங்கள் பல. தளர்ந்த இதயமும் அவற்றில் ஒன்று. பல ஆண்டுகள் இப்பகுதிக்கு மறையுரை வைத்தும், அந்த மனிதரின் வீங்கிய கால்களை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அம்மாவின் கால்களைப் பார்த்த பிறகுதான் நினைத்தேன்.

இயேசு அவரை நலமாக்கி அனுப்பிவிட்டு, கூடியிருந்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்கிறார். தம் பிள்ளையோ மாடோ கிணற்றில் விழுந்துவிட்டால், ஓய்வுநாள் என்று யாராவது சும்மா இருப்பார்களா என்று கேட்கிறார். அவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. நோயாளியின் தேவை முதலில். நம் வழக்கமும் வசதியும் பிறகு. இந்த நற்செய்தியை நம் வீட்டு அடுப்படிக்கும் மாத்திரைப் பெட்டிக்கும் எடுத்துச் செல்வோம்.

காலையில் ஒரு நிமிடம்

இந்நோயோடு வாழ்பவருக்கு வீட்டில் அவசியம் இருக்க வேண்டியது ஓர் எடை பார்க்கும் கருவி. காலையில் எழுந்து சிறுநீர் கழித்ததும், எதுவும் சாப்பிடுமுன், அதே கருவியில், ஏறக்குறைய அதே போன்ற உடையில் எடை பார்த்துக் காலண்டரில் குறித்துவிட வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. மூன்று நாள்களில் 2 கிலோ கூடினால் அது சதை அல்ல, நீர். கால் வீங்கும் முன்னரே எடை காட்டிக்கொடுத்துவிடும். அன்றே மருத்துவரை அழைத்தால் பெரும்பாலும் மருந்தின் அளவை மாற்றுவதோடு முடியும். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் தீவிர சிகிச்சைப் பிரிவுவரை போக நேரும்.

மற்ற அடையாளங்களையும் மனதில் வையுங்கள். தலையணைகள் கூடிக்கொண்டே போவது, இரவில் மூச்சு முட்டி எழுந்து உட்காருவது, படுத்தால் இருமல், செருப்பு இறுக்கமாவது, நேற்று நடந்த தூரத்தை இன்று நடக்க முடியாமை. இவற்றை நான் 'வயசு' என்று சொன்னேன். நீங்கள் சொல்லாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ, நுரையோடு சளி வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

மாத்திரைப் பெட்டி

1785-இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர், நீர்க்கோவை நோயாளிகளுக்கு ஃபாக்ஸ்கிளவ் என்ற செடியின் இலை பயன்படுவதை எழுதி வெளியிட்டார். அதன்பின் வெகு காலம் மருத்துவர்களின் கையில் பெரிதாக எதுவும் இல்லை. இன்றைய நிலை வேறு. இதயத்தின் தள்ளும் ஆற்றல் குறைந்தவர்களுக்கு நான்கு வகை மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இவை வாழ்நாளை நீட்டிப்பவை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இவற்றோடு நீரை வெளியேற்றும் மாத்திரையும் இருக்கும்.

இங்கே மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கின்றன.

முதலாவது, சுகர் இல்லாதவருக்குச் சுகர் மாத்திரை எதற்கு என்று நிறுத்திவிடுவது. டாபாகிளிஃப்ளோசின் போன்றவை சர்க்கரை நோய்க்கென்றே வந்தவைதான். ஆனால் சர்க்கரை நோய் இல்லாத இதயத் தளர்ச்சி நோயாளிகளுக்கும் அது நன்மை செய்கிறது என்று 2019-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. மருத்துவர் தெரிந்தேதான் எழுதுகிறார். சந்தேகம் இருந்தால் அவரிடமே கேளுங்கள்.

இரண்டாவது, உடம்பு தேறியதும் மாத்திரையை விட்டுவிடுவது. மாத்திரையால்தான் தேறியது. சில மருந்துகளைத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

மூன்றாவது தவறில் பங்குத்தந்தையர் எங்களுக்கும் பங்கு உண்டு. நீர் மாத்திரை போட்டால் சில மணி நேரத்துக்கு அடிக்கடி சிறுநீர் போகும். நீண்ட திருப்பலி, நீண்ட மறையுரை, கோவிலில் சரியான கழிப்பறை இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை மாத்திரையே வேண்டாம் என்று பெரியவர்கள் விட்டுவிடுகிறார்கள். வெளியே சொல்ல வெட்கம். இப்படிச் செய்த ஒரு பெரியவர் என் பங்கில் மூன்று மாதங்களில் இருமுறை மருத்துவமனை போய்வந்தார். மருத்துவரைக் கேட்டு, அன்று மட்டும் திருப்பலி முடிந்து வந்தபின் போட்டுக்கொள்ளலாமா என்று தெரிந்துகொள்ளுங்கள். பங்கு நிதியில் கோபுர விளக்குக்கு முன்னால், கைப்பிடி வைத்த ஒரு கழிப்பறையும் ஒரு சாய்தளமும் கட்டுவோம்.

வலி மாத்திரையைப் பற்றி நான் கற்ற பாடம்: டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை உடலில் உப்பையும் நீரையும் தேங்க வைக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். தளர்ந்த இதயத்துக்கு அது கூடுதல் சுமை. மூட்டுவலிக்கு எது பாதுகாப்பானது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கடைக்காரரும் மகனும் அல்ல. நாட்டு மருந்தோ வேறு மருந்தோ எது எடுத்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

உப்பு

கடலோரத்தில் பிறந்த என் அம்மாவுக்குக் கருவாடு இல்லாத சோறு சோறே அல்ல. உலக சுகாதார நிறுவனம் நலமாக இருப்பவருக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, உப்பு போதும் என்கிறது. கருவாடு, ஊறுகாய், அப்பளம், வற்றல், மிக்சர், பாக்கெட் நொறுக்குத்தீனி எல்லாவற்றிலும் உப்பு ஒளிந்திருக்கிறது. புளி, எலுமிச்சை, மிளகு, பூண்டு, கொத்தமல்லி இவற்றைக் கொண்டு ருசி சேர்க்கலாம். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதை மட்டும் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கிறது. இந்நோய்க்குத் தரும் சில மருந்துகளும் உடலில் பொட்டாசியத்தைக் கூட்டுபவை. இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதும் ஆளுக்கு ஆள் வேறுபடும். அதையும், குறிப்பாக வெயில் காலத்தில், மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

திருச்சபை கேட்காத ஒருசந்தி

அம்மாவிடம் நான் பின்னர் கேட்டேன்: "ஏம்மா இந்த உடம்போட ஒருசந்தி இருந்தீங்க?" "சாமியாரோட அம்மா ஒருசந்தி விட்டா ஊர் என்ன சொல்லும்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

திருச்சபைச் சட்டத்தைத் தெளிவாகச் சொல்கிறேன். நோன்புக் கடமை 18 வயது நிறைந்தவர்களுக்குத் தொடங்கி 59 வயது நிறைவதோடு முடிகிறது (எண் 1252). அதற்குட்பட்ட வயதானாலும் நோயாளிகள் நோன்பிருக்கக் கடமைப்பட்டவர்கள் அல்லர். நற்கருணை பெறுமுன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்கும் விதியிலிருந்தும் முதியோருக்கும் நோயாளர்களுக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் விலக்கு உண்டு (எண் 919). பராமரிப்பவர்களையும் திருச்சபை மறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மாத்திரையை நேரத்துக்குப் போட்டு, உப்புக் குறைந்த கஞ்சியைப் பொறுமையோடு குடிப்பதே நோயாளியின் தவம். கருவாட்டைத் துறந்ததைவிடப் பெரிய தவத்தை என் அம்மா எந்தத் தவக்காலத்திலும் செய்ததில்லை.

போலீஸ்காரப் பிள்ளைகள்

மருத்துவமனையிலிருந்து வந்தபின் நாங்கள் மூன்று பிள்ளைகளும் அம்மாவைச் சூழ்ந்துகொண்டோம். நான் பங்கிலிருந்து போன் செய்வேன், தங்கை சென்னையிலிருந்து செய்வாள். "எடை பாத்தீங்களா? உப்பு போட்டீங்களா? மாத்திரை போட்டீங்களா?" இதைத் தவிர வேறு பேச்சில்லை. கோழிக்குத் தீவனம் போடக் கூடாது, அடுப்படிக்குப் போகக் கூடாது, அன்பியக் கூட்டத்துக்குப் போகக் கூடாது என்று தடை வேறு. ஒருநாள் அம்மா சொன்னார்: "உப்பைத்தான் குறைக்கச் சொன்னாங்க சாமி. நீங்க என்னையும் சேர்த்துக் குறைச்சிட்டீங்க."

தந்தை முதுமையடைந்தபோது அவருக்கு உதவச் சொல்லும் சீராக்கின் ஞான நூல் (3:12-13), அவருடைய அறிவாற்றல் குறைந்தாலும் அவரை இகழாமல் பொறுமையோடு நடத்தச் சொல்கிறது. பெற்றோரை மதிப்பது என்பது அவர்களுக்கு மாத்திரை கொடுப்பதோடு முடிவதில்லை. அவர்களை இன்னும் பெற்றோராகவே நடத்துவது. அதன்பின் முறையை மாற்றினோம். எடையைக் காலண்டரில் எழுதும் வேலையை அம்மாவே எடுத்துக்கொண்டார். மருத்துவரிடம் போனால் அம்மாதான் முதலில் பேசுவார். மருத்துவர் அனுமதித்த அளவுக்குத் தினமும் நடப்பார். நோயை அவரிடம் மறைக்கவில்லை. மறைத்தால் பெரியவர்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறோம். கதவுக்கு வெளியே நாம் பேசும் தாழ்ந்த குரலிலேயே அவர்கள் எல்லாவற்றையும் தெரிந்துகொள்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நானும் தங்கையும் ஆலோசனை சொன்னோம். இரவில் எழுந்து தலையணையைச் சரிசெய்தது, இரண்டு பானை வைத்துச் சமைத்தது, கழிப்பறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனது எல்லாம் தம்பி மனைவி. ஓராண்டில் அவர் இளைத்துப்போனார். "நான் நல்லாத்தான் இருக்கேன் சாமி" என்று சொல்லும்போதே அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். அன்றுமுதல் தங்கை ஆண்டுக்கு இருமுறை பதினைந்து நாள்கள் வந்து தங்குகிறாள். மருந்துச் செலவை மூவரும் பிரித்துக்கொள்கிறோம். நான் மாதம் ஒரு நாள் போய், அம்மாவோடு இருந்து, தம்பி குடும்பத்தை வெளியே அனுப்பிவைக்கிறேன். சிலுவையில் தொங்கியபோதும் இயேசு தம் தாயை யார் பார்த்துக்கொள்வது என்பதைக் காற்றில் விடவில்லை. அருகில் நின்ற சீடரிடம் பெயர் சொல்லாத குறையாகச் சுட்டிக்காட்டி ஒப்படைத்தார். உங்கள் வீட்டிலும் யார் எதைச் செய்வது என்று உட்கார்ந்து பேசுங்கள். ஒரு மருமகளின் தோளில் மட்டும் நான்காம் கட்டளையை இறக்கி வைக்காதீர்கள்.

பூசுதலுக்குப் பயம் வேண்டாம்

இன்னும் பலர் 'அவஸ்தைப் பூசுதல்' என்றே சொல்கிறார்கள். எண்ணெயோடு குருவானவர் படியேறினால் முடிந்தது என்ற பயம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதை நோயில்பூசுதல் என்று அழைப்பதே பொருத்தம் என்றது. நோயாலோ முதுமையாலோ ஒருவருக்கு ஆபத்து தொடங்கும்போதே இதைப் பெறலாம். தேறியபின் மீண்டும் நோயுற்றாலும், அதே நோய் கடுமையானாலும் மறுபடி பெறலாம். தேறுவதும் சரிவதுமாகப் போகும் இந்நோய்க்கு இது பெரும் ஆறுதல். அம்மா இதுவரை மூன்று முறை பெற்றிருக்கிறார்.

நோய் முற்றும் காலம் வரலாம். செயற்கைச் சுவாசம், மீண்டும் மீண்டும் தீவிர சிகிச்சை இவற்றை மறுப்பது பாவமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பயனுக்கு மிஞ்சிய சுமையாகும் சிகிச்சைகளைக் கைவிடலாம் என்றும், அந்த முடிவை இயன்றவரை நோயாளியே எடுக்க வேண்டும் என்றும் மறைக்கல்வி நூல் (எண் 2278) சொல்கிறது. அது கொலை அல்ல. மரணத்தைத் தடுக்க இயலாமையை ஏற்பது. ஆனால் வலியையும் மூச்சுத் திணறலையும் தணிக்கும் பராமரிப்பை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. பெற்றோர் தெளிவாகப் பேசும் நாளிலேயே அவர்கள் விருப்பத்தைக் கேட்டுவையுங்கள். நான் கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வீட்டுல, உங்க மூணு பேர் கையில" என்றார். கேட்பதற்கு எனக்குத்தான் பயமாக இருந்தது. சொல்வதற்கு அம்மாவுக்கு இல்லை.

இப்போது அம்மாவுக்கு 82 வயது. ஞாயிறுதோறும் பக்கவாசல் அருகே போட்ட நாற்காலியில் அமர்ந்து திருப்பலி காண்கிறார். எழ முடியாத வாரங்களில் நற்கருணை வீட்டுக்கே போகிறது. காலண்டரில் இன்றைய எடையும் எழுதியிருக்கும்.

இதை வாசித்து முடித்ததும் உங்கள் பெற்றோரைப் பார்க்கச் செல்லுங்கள். தொலைவில் இருந்தால் போன் செய்யுங்கள். எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறீர்கள் என்று கேளுங்கள். பிறகு, வேறு எதையாவது பேசுங்கள்.

நீர்க்கோவை நோயாளியைத் தொட்டுக் குணமாக்கிய ஆண்டவர், தளர்ந்த இதயங்களோடு நடக்கும் நம் பெற்றோரையும், அவர்களைத் தாங்கும் கரங்களையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.